கடலடி வண்டலில் ஒரு பழங்கணக்கு

ஆழியாற்றில் வெள்ளம் வந்து வடிந்தபின் ஆனைமலைப் பகுதியில் ஆற்றங்கரையோரம் நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நீர் விரைந்தோடிய இடத்தில் கூழாங்கல்லும் பருமணலும் கிடக்கும். தேங்கி நின்ற இடத்தில் காலில் ஒட்டும் வண்டல் படிந்திருக்கும். வெள்ளத்தை நேரில் காணாதவரும் நீர் எங்கே வேகமெடுத்தது என்று சொல்லிவிடலாம். இதே எளிய உண்மையைக் கொண்டுதான், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் ஓடிய நீரோட்டங்களின் வேகத்தை அறிவியலாளர்கள் கணிக்கின்றனர்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்ற கேள்வி எழலாம். குறுகிய காலத் தரவை வைத்து நீண்டகால முடிவெடுக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தின் உயிர்நாடி தென்மேற்குப் பருவமழை. அதைப் பதிவு செய்துவரும் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது 1875-இல். உலகின் வெப்பத்தைப் பங்கிடும் அட்லாண்டிக் பெருநீரோட்டமோ 2004 முதல்தான் தொடர்ச்சியாக அளக்கப்படுகிறது. அதற்கு முந்தைய கணக்கைக் கடலடி வண்டலில்தான் தேட வேண்டும்.

அதற்கான முறையை 1995-இல் வகுத்தளித்தவர்களில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மெக்கேவ். 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகப் படிபவை; அவற்றால் பயனில்லை. 10 முதல் 63 மைக்ரான் வரையிலான துகள்களோ தனித்தனியே நகர்பவை. நீரோட்டம் வலுத்தால் இவற்றுள் சிறியவை அடித்துச் செல்லப்படும், பெரியவை தங்கும். எனவே, சராசரி அளவு கூடியிருந்தால் வேகம் கூடியிருந்தது என்று பொருள். ஒரு மைக்ரான் மாற்றம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 சென்டிமீட்டர் வேக மாற்றத்தைக் குறிப்பதாக 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

குழாயால் எடுக்கப்படும் வண்டலிலிருந்து சுண்ணாம்பு ஓடுகளையும் உயிரிகளின் சிலிக்காவையும் வேதிமுறையில் நீக்கிவிட்டு, எஞ்சிய துகள்களை அளக்கிறார்கள். காலத்தைக் கதிர்க்கரி முறை சொல்லும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இவ்வாறு நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கடந்த 150 ஆண்டுகளில் அட்லாண்டிக் பெருநீரோட்டம் சுமார் 15 முதல் 20 விழுக்காடு வரை வலுவிழந்திருப்பதாக அது மதிப்பிட்டது. அது தொலைவிலுள்ள செய்தியன்று. பனியுகக் காலத்தில் வட அட்லாண்டிக் குளிர்ந்தபோதெல்லாம் நம் பருவக்காற்று தளர்ந்ததை அரபிக்கடல் படிவுகள் காட்டுகின்றன.

நமக்கு அருகில், மாலத்தீவுப் பகுதியில் 2015-இல் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பல் துளையிட்டது. நீரோட்டங்கள் ஒதுக்கிக் குவித்த படிவு மேடுகள் அங்கே சுமார் 1.29 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரெனத் தோன்றத் தொடங்கியிருந்தன. இன்றைய வலிமையுடன் பருவக்காற்று வீசத் தொடங்கிய காலம் அது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இந்தக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. நதிகள் கொண்டுவரும் வண்டலின் தன்மை மாறினாலோ, மிதக்கும் பனிப்பாறைகள் பருந்துகள்களை உதிர்த்தாலோ முடிவு பிழைபடும். ஒரே மாதிரியை நம்பாமல் பல இடங்களின் மாதிரிகளை ஒப்பிட்டாக வேண்டும். அதற்குக் கப்பல் வேண்டும். பணமும் பொறுமையும் வேண்டும். அந்த ஜாய்டிஸ் கப்பலின் ஆய்வுப் பயணங்கள் 2024-உடன் முடிந்துவிட்டன.

2021-இல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடலடியிலுள்ள கனிம உருண்டைகளைச் சுற்றியே நடக்கிறது. கனிமத்துக்குச் சந்தை விலை உண்டு, வண்டலுக்கு இல்லை. ஆனால், அணையின் நீரை நம்பித் தென்னை வைக்கும் உழவர் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முதலீடு செய்கிறார். பருவமழை எந்த எல்லைவரை தளரக்கூடும் என்பதே அவருக்கு இன்றியமையாத தகவல். அந்தத் தகவலைச் சேகரிப்பதும் ஆழ்கடல் திட்டத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக வேண்டும்.