உங்களுக்குத் தெரியுமா? மேளம் ஓய்ந்த பிறகு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். கோயில் கொடைவிழா மாதங்கள் வந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஊர்களில் மேளச் சத்தத்துக்குக் குறைவிருக்காது. நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து என்று எதை எடுத்தாலும் அது தனி ஆளின் கலை இல்லை. ஒரு ‘செட்’டாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போய், சேர்ந்தே சாப்பிட்டு, சேர்ந்தே கண்விழிக்கிறவர்களின் கலை. அந்தக் கூட்டு வாழ்க்கை எப்படி நடக்கிறது, அது முடிந்தபின் கலைஞர்களுக்கு என்ன ஆகிறது? இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றியவை.

★ மேலகரத்துக்கும் இசைக்குழுக்களுக்கும் உள்ள உறவு முந்நூறு ஆண்டுப் பழமை கொண்டது. திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். குறவஞ்சி என்பது பலர் சேர்ந்து பாடி ஆடவேண்டிய நாடகம். அதைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே ‘குறவஞ்சி மேடு’. ஒரு கலைஞர் பாடி முடித்த பிறகும் சோற்றுக்கு வழி இருக்கவேண்டும் என்பதை அன்றைய அரசு நிலமாக எழுதிக் கொடுத்திருக்கிறது.

★ அந்தக் குறவஞ்சி 1944-இல் சென்னையில் மறுபிறவி எடுத்தது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் உருவாக்கிய முதல் நாட்டிய நாடகம் ‘குற்றாலக் குறவஞ்சி’தான்.

★ வில்லுப்பாட்டுக் குழுவில் யார் எங்கே உட்காரவேண்டும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. வில்லுக்கு நடுவில் வீசுகோலோடு இருப்பவர் தலைமைப் பாடகர். புலவர் என்றும் அண்ணாவி என்றும் அவரைச் சொல்வார்கள். ஒரு பக்கம் வலம்பாடுகிறவர், மறுபக்கம் இடம்பாடுகிறவர். குடம், உடுக்கு, தாளம், கட்டை என்று ஆளுக்கொரு கருவி. ‘ஆமாம்’ போடுகிற பின்பாட்டுக்காரர் ஒரு நாள் வராவிட்டாலும் கதை தள்ளாடும். அண்ணாவியாக இன்று நடுவில் இருப்பவர்களில் பலர், பின்பாட்டுப் பாடியே கதை முழுவதையும் மனப்பாடம் செய்தவர்கள்.

★ சுடலைமாடன் கொடையில் நடக்கும் கணியான் கூத்தின் உயிர், மகுடம் என்ற தோல்கருவி. எப்போதும் இரண்டு மகுடம் வேண்டும். ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். இரண்டும் பேசினால்தான் பாட்டுக்குப் பிடிமானம். பெண் வேடம் கட்டி ஆடுகிறவர்களும் பாடுகிற அண்ணாவியும் அந்த இரண்டு மகுடத்தை நம்பித்தான் விடிய விடிய நிற்கிறார்கள்.

★ நாதஸ்வரக் குழுவில் ‘ஒத்து’ ஊதுகிறவர் என்று ஒருவர் இருந்தார். பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும் அந்தக் கருவியில் ஒரே சுரத்தை, மூச்சு அறாமல் இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. புதிதாகச் சேரும் பையன்கள் மூச்சுப் பழகிய பள்ளிக்கூடமும் அதுதான். சுருதிப் பெட்டி வந்ததும் ஒத்துக்காரரின் இடம் போய்விட்டது. அதோடு இளையவர்கள் சம்பளத்தோடு கற்றுக்கொள்ள இருந்த ஒரு வாசலும் அடைபட்டுவிட்டது.

★ தவில்காரரின் வலக்கை விரல்களில் கவசம் போல் இருப்பதன் பெயர் ‘கூடு’. துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்து இறுக்கிச் செய்வார்கள். இடப்பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். பலாமரத்தில் குடைந்த தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமி ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நடந்தே வாசிக்கவேண்டும். வயது ஏறினால் விரலுக்கு முன்னால் தோளும் முதுகும் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

★ ஒரே ஊரில் வாழும் இரண்டு மேளக்காரர்களுக்கு இரண்டு விதமான காலண்டர் இருக்கலாம். கல்யாண மேளம் வாசிப்பவருக்கு ஆடியில் வேலை இல்லை. கொடை மேளம் அடிப்பவருக்கு ஆடியில்தான் மூச்சுவிட நேரமில்லை. மார்கழியில் கல்யாணமும் இல்லை, கொடையும் இல்லை. தென்மாவட்டக் கொடைகள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் விழுவதால் ஒரே நாளுக்குப் பல ஊர்கள் அழைக்கும், மற்ற நாட்கள் சும்மா போகும். வருஷம் முழுவதற்குமான அரிசியைச் சில மாதங்களில் சம்பாதித்தாகவேண்டும்.

★ இந்தக் கணக்கு 2020-இல் ஒரேயடியாக உடைந்தது. மார்ச் 25-இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பங்குனி உத்திரம் போனது, சித்திரைக் கொடை போனது, ஆடியும் போனது. அந்த ஆண்டில் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போன கலைஞர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

★ ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடியும்வரை நீண்ட வில்லுக் கதைகளை இன்று சில மணி நேரத்துக்குள் சுருக்குகிறார்கள். நெடுங்கதைகளை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

★ திருநெல்வேலிச் சீமை பெற்ற நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), தன் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் நின்று இரண்டாம் நாயனம் வாசித்தவர். குருவின் மூச்சு எங்கே நிற்கும், எங்கே தொடரும் என்று கவனித்துக் கவனித்தே தன் வழியைக் கண்டார். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஒலித்த அவர் நாதஸ்வரம் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், நாற்பது சொச்சம் வயதில் காலமானார்.

★ தென்காசிக்குப் பக்கத்துச் செங்கோட்டை தந்த குரல் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்து, சின்னப் பையனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அவரும் அவரை மணந்த கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக மேடை ஏறினால் கொட்டகை கொள்ளாது. 1933-இல், 27 வயதில் கிட்டப்பா போய்விட்டார். அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார், ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். பிறகு சென்னை மாநில மேலவைக்கு உறுப்பினராகப் போனார். ஜோடி உடைந்த பிறகு தன் குரலை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் நடந்தவர் வேறு யார்?

★ பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். ஆர்மோனியமும் மேடை அனுபவமும் தம்பிகளுக்கு அங்கே கிடைத்தன. 1973-இல் பாவலர் மறைந்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் ஒரு தம்பி இளையராஜாவாக எழுந்தார். இன்னொரு தம்பி கங்கை அமரன் 1989-இல் இயக்கிய படம் ‘கரகாட்டக்காரன்’. நாட்டுப்புறக் கலைக்குழு ஒன்றின் கதையை, குழுவாக வாழ்ந்து பார்த்த ஒருவரே எடுத்தார். அதன் பாடல்கள் இன்றும் கொடைகளில் நையாண்டி மேளத்தில் ஒலிக்கின்றன.

★ நாதஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர்தான் சாக்ஸபோன் மேதை கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, அதைக் கர்நாடக இசைக்கு வளைத்தார். 2019-இல் மறைந்தார். இன்று தென்னாட்டுக் கல்யாண மேடைகளில் சாக்ஸபோன் கேட்கிறது என்றால் அது அவர் போட்ட பாதை. பழைய குடும்பத்தில் பிறந்தவர் புதுக்கருவியை எடுத்தாலும் உள்ளே ஓடும் ராகம் மாறவில்லை.

★ திருநெல்வேலி அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். கலைவாணருக்கு எழுதிக் கொடுத்தவர், பிறகு தானே வில்லடித்தார். 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் மறைந்தார். மகள் பாரதி திருமகன் அந்த வில்லை இன்று கையில் வைத்திருக்கிறார்.

★ இதற்கு மறுபக்கமும் உண்டு. குமரி மாவட்டத்து வில்லிசை அரசி பூங்கனி, பெண்கள் வில்லுக்கு நடுவே உட்காரத் தயங்கிய காலத்தில் தலைமைப் பாடகியாக ஊர்களைக் கட்டிப்போட்டவர். மேடையை விட்ட பிறகு முதுமையில் தனியாக, முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்ந்து 2018-இல் மறைந்தார். கலை ஒன்றுதான், மண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். கைகொடுக்க ஆள் இருந்ததும் இல்லாததுமே இரண்டு முதுமைகளுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம்.

★ கியூபாவில் இப்ராகிம் ஃபெரர் என்ற பாடகர் இசைக்குழுவை விட்டு ஒதுங்கி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1996-இல் அவரையும் அவரைப் போன்ற முதிய கலைஞர்களையும் தேடிப் பிடித்து ஹவானாவில் பாடவைத்தார்கள். ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ என்ற அந்த இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. 2000-இல் லத்தீன் கிராமி விழாவில் ஃபெரருக்குக் கிடைத்தது ‘சிறந்த புதுமுகம்’ விருது. வயது 73.

★ மேளத்துக்கு மிக அருகில் நிற்கும் காதுக்கு ஆபத்து அதிகம். உட்செவியில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் பெருஞ்சத்தத்தில் அழிந்துபோனால் மறுபடி முளைப்பதில்லை. இடைவேளையில் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி அமர்வதும், காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்வதும் இளம் கலைஞர்கள் இன்றே பழகவேண்டியவை.

★ தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், இறப்பு போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும். ஆனால் பதிவு செய்து அட்டை வாங்கியிருக்கவேண்டும். கடைசிவரை மேடையே கதி என்று இருந்துவிட்டு, உடம்பு விழுந்தபின் தாள்களைத் தேடுகிறவர்களுக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

★ திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுப் படிப்பு உண்டு. மேளக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளையும் அங்கே போய்த் தவில் கற்கலாம். ஒத்துக்காரர் போனதால் அடைபட்ட வாசலுக்கு இது ஒரு மாற்று வாசல்.

குழுவுக்கு அப்பால் கலைஞருக்கு நல்ல வாழ்வு அமைந்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் கைகொடுத்திருக்கிறார்: கவிராயருக்கு மன்னர், ஆறுமுகத்துக்குக் கலைவாணர், ஃபெரருக்கு ஓர் ஒலிப்பதிவுக் கூடம். நம் ஊர் மேளக்காரருக்கு அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும். இந்த வருஷக் கொடைக்கு உள்ளூர் செட்டையே பேசுங்கள். பேசிய பணத்தைக் குறைக்காமல், அன்றே கொடுங்கள். உங்கள் தெருவில் வாசிப்பை நிறுத்திவிட்ட பெரியவர் இருந்தால் அவருக்கு வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கற்க ஆசைப்படும் ஒரு பிள்ளையை அவரிடம் அனுப்பிவையுங்கள்.