கப்பல் டூருக்கு ஃபிளைட் டிக்கெட் எப்போ போடணும்?

மக்களே, மும்பைல கப்பல் ஏறி கோவா, லட்சத்தீவு போய்ட்டு வர பேக்கேஜ் பத்தி நாகர்கோவில்ல நிறைய பேர் கேக்கிறாங்க. கேபின் விலையைப் பைசா பைசாவா ஒப்பிடுறாங்க. ஃபிளைட்ல கோட்டை விட்டுடுறாங்க.

நானும் விட்டேன். கப்பல் கிளம்புற அன்னைக்குக் காலை ஃபிளைட் 2,300 ரூபாய் கம்மின்னு போட்டேன். திருவனந்தபுரத்துலயே மூணு மணி நேரம் லேட். மும்பை டிராஃபிக்ல உயிரைக் கையில பிடிச்சுட்டுப் போய், செக்-இன் மூட பத்து நிமிஷம் இருக்கும்போது சேர்ந்தோம். தவறியிருந்தா ரெண்டு பேருக்குக் கட்டின 70,000 ரூபாய் அரபிக்கடல்லதான். ஃபிளைட் லேட்டுன்னு கப்பல் நமக்காக நிக்காது. ரெண்டும் தனித்தனி டிக்கெட்.

அதனால முந்தின நாளே போயிருங்க. ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையை இன்சூரன்ஸ் பிரீமியமா நினைச்சுக்கோங்க. பகல் ஃபிளைட்டா இருந்தா நாகர்கோவில்லேர்ந்து டிரெயின்ல திருவனந்தபுரம் போயிடலாம். விடியக்காலை ஃபிளைட்னா எழுபது கிலோமீட்டர் டாக்ஸி. அந்தக் காசையும் டிக்கெட் விலையோட கூட்டிப் பாருங்க, 'சீப்' டிக்கெட் பல நேரம் சீப்பா இருக்காது.

எப்போ போடணும்? கேபின் கன்ஃபர்ம் ஆன பிறகு, உடனே. சாதாரண நாள்னா ரெண்டு மாசம் முன்னாடி போதும்னு வச்சுக்கலாம். ஓணம் முடிஞ்சு மும்பை திரும்புற கூட்டத்தோட போறீங்கன்னா இன்னும் முன்னாடியே போட்டுருங்க.

ஒருவேளை கேன்சல் பண்ணினா, ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டா இருந்தாலும் வரியும் ஏர்போர்ட் கட்டணமும் திரும்பி வரணும். கேட்டு வாங்குங்க.