பிள்ளை எழுதட்டும்... சிவப்புப் பேனாவை மூடி வையுங்க!

"கட்டுரை நோட்டை எடுன்னா போதுங்க, பையனுக்கு வயித்து வலி வந்துடுது!" என்று குழந்தையைக் கூட்டி வருகிற தாய்மார்கள் பலர். மலச்சிக்கலா, பூச்சித் தொல்லையா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அதெல்லாம் இல்லையென்றால் காரணம் வயிற்றில் இல்லை, மனசில் இருக்கிறது. எதை எழுதினாலும் தப்பு கண்டுபிடிப்பார்கள் என்கிற பயம்தான் அது.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. தும்மல், பசி, தூக்கம் போல அடக்கக் கூடாதவை அவை. கண்ணீரும் அதில் ஒன்று! மனசில் இருப்பது வெளியே வர ஒரு வழி வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள். அப்படி ஒரு வழிதான் எழுத்தும்.

1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஒரு சோதனை செய்தார். கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், மனசை வருத்திய விஷயங்களை எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. இது பெரிய பிள்ளைகளிடம் செய்தது. அதனால் எழுத்தே மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எழுதினால் மனசு லேசாகும் என்பதை டைரி எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம்ம ஊர் உதாரணம்

திருச்செங்கோடு பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1966-ல் பிறந்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். சின்னப் பையனாக அவர் எழுதிய பாடல்கள் திருச்சி வானொலியில் ஒலிபரப்பாயின. எழுதியதைக் கேட்க ஆள் இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு வரும், பாருங்கள்! வளர்ந்த பிறகு, நாம் வீட்டில் பேசுகிற சொற்களையே திரட்டி 2000-ல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யாகத் தந்தார். அவருடைய 'பூக்குழி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது.

ஆகவே உங்கள் குழந்தை 'பொடக்காளி' என்றோ, 'ஒடக்கான்' என்றோ எழுதினால், "இதென்ன பட்டிக்காட்டுப் பேச்சு?" என்று அடித்து விடாதீர்கள். அப்புச்சியும் அமுச்சியும் பேசுகிற பேச்சில்தான் குழந்தையின் கற்பனை ஓடும். பரீட்சைக்கான தமிழைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* போன வருஷ நோட்டுகளில் மிச்சமுள்ள தாள்களைத் தைத்து, 'என் நோட்டு' என்று கொடுங்கள். அதில் மார்க் கிடையாது, திருத்தமும் கிடையாது.

* ஐந்து வயசுக்குள் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பிஞ்சு விரல்கள் சீக்கிரம் வலித்துவிடும். குழந்தை கதை சொல்லட்டும், படம் வரையட்டும். நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

* 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் மனப்பாடம்தான் வரும். "சிறுவாணித் தண்ணி நம்ம குழாய்க்கு வர்றதுக்குள்ள என்னென்ன பார்த்திருக்கும்?", "மருதமலை பஸ்ஸுல ஒரு குரங்கு டிக்கெட் கேட்டா?" என்று கேட்டுப் பாருங்கள்!

* பதினைந்து நிமிடம் போதும். நல்ல வெளிச்சம், முதுகு வளையாத உயரத்தில் பலகை வேண்டும். நடுவில் தலை நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே தூரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் இதற்காகப் பிடுங்க வேண்டாம்.

* ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு, "கண்ணு, இன்னைக்கு என்ன எழுதுனே? படி, கேக்கலாம்" என்று சொல்லட்டும். 'ர'வா 'ற'வா என்று பிறகு பார்க்கலாம். "அப்புறம் அந்தக் குரங்கு என்னாச்சு?" என்று கேளுங்கள். மறுநாள் கதை தானாக வளரும்.

ஒரு எச்சரிக்கை

டைரியைத் திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள். ஒரு தடவை நம்பிக்கை போனால் பிள்ளை வாயையும் மூடிக்கொள்ளும், நோட்டையும் மூடிவிடும். அதே சமயம், தானே காட்டுகிற கதையில் அடி, பயம், சாவு என்றே திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கமும் பசியும் குறைந்தாலோ சும்மா விடக் கூடாது. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098 இருக்கிறது.

எல்லாப் பிள்ளையும் எழுத்தாளராக வேண்டியதில்லை. மனசில் உள்ளதைப் பயமில்லாமல் சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய ஆரோக்கியம். இன்றைக்கே ஒரு நோட்டுத் தைத்துக் கொடுத்துப் பாருங்களேன்!