அச்சுக் கோத்த கைகளுக்கு என்ன வழி?

“இயந்திரம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று களிக்கிறார் முதலாளி. “இயந்திரம் வந்துவிட்டது, இனி என் கதி என்ன?” என்று கலங்குகிறார் தொழிலாளி. ஒரே இயந்திரந்தான். ஒருவர் வீட்டில் அது விருந்து வைக்கிறது, மற்றவர் வீட்டில் அடுப்பை அணைக்கிறது. குற்றம் இயந்திரத்தினுடையதா? இல்லை என்கிறோம் நாம்.

மோகனூர்க்காரர்களுக்கு இயந்திரம் புதிதல்ல. மாடு சுற்றிவரக் கரும்பு பிழிந்த சீமையில் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை எழுந்தது. காவிரிக்கு அக்கரையில், புகழூரை அடுத்த காகிதபுரத்தில், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை 1984இல் ஓடத் தொடங்கியது. அடுப்புக்குப் போன சக்கை ஏடாக மாறிற்று. அறிவு செய்த வேலை அது, வரவேற்கிறோம்.

ஆனால், அந்த ஏட்டிலே எழுத்தைப் பதித்தவனை எண்ணிப் பார்த்தோமா?

திருமண அழைப்பிதழானாலும், திருவிழா அறிக்கையானாலும், கூட்டத்துக்கான துண்டறிக்கையானாலும், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவன் அச்சுக்கோப்பவன். காலை முதல் மாலை வரை நின்றபடியே வேலை. எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்பதைக் கண்ணைவிட அவன் கைதான் நன்றாக அறியும். இடவலம் மாறிய எழுத்தை நேரெழுத்துப் போலப் படிப்பான். எழுதியவர் செய்த பிழையை இவன் திருத்தியிருப்பான். பெயர் என்னவோ எழுதியவருக்குத்தான்! அச்சேறி முடிந்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்து, மறுபடி அதனதன் அறையில் போடவேண்டும். விரலில் ஈயம், மூச்சில் ஈயம்.

அந்தச் சுமையைக் குறைக்க வந்த மாற்றங்களும் உண்டு. 1935இல் பெரியார் தமது ‘குடி அரசு’ ஏட்டில் ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துகளின் பழைய வடிவை மாற்றினார். தனித்தனி அச்சு வார்க்க வேண்டியிருந்த எழுத்துகள், இருக்கிற துண்டுகளையே சேர்த்து அமைக்கக் கூடியவையாயின. பண்டிதர்கள் முகம் சுளித்தனர். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! இன்று மோகனூர்ப் பள்ளிப் பிள்ளை, வேறு வடிவம் இருந்ததென்றே அறியாது.

பிறகு ஒளியச்சு வந்தது, கணிப்பொறி வந்தது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. எழுத்தை எடைக்குப் போட்டார்கள், சரி. அதைக் கோத்த மனிதனை?

உலகில் இரண்டு பெருநகரங்கள் இரண்டு விடை தந்தன. நியூயார்க்கில் 1962 டிசம்பரில் தொடங்கிய அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 114 நாள் நீடித்தது. அத்தனை அடிபட்ட பின், 1974இல் உடன்பாடு கண்டனர். கணிப்பொறியைத் தடுக்கமாட்டோம் என்றது சங்கம். பணியிலிருப்போரை விலக்கமாட்டோம் என்றன நிறுவனங்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ 1978 ஜூலையில் ஈய அச்சுக்கோப்பை நிறுத்தியபோது, கோத்தவர்களுக்கு வேலை இருந்தது.

இலண்டனில் நடந்ததோ வேறு. 1986இல் முர்டாக்கின் ஏடுகள் வாப்பிங்கில் அமைத்த புதிய ஆலைக்கு மாறின. வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் வாயிலில் நின்று போராடியும் தோற்றனர். இரண்டு ஊரிலும் வென்றது கணிப்பொறிதான். ஆனால் ஓர் ஊரில் தொழிலாளி அதற்கு இரையாகவில்லை.

நம் நாட்டில்? 1956இல் தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆட்குறைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய புது இயந்திரமானால், முன்னறிவிப்புத் தந்து 21 நாள் கழியாமல் மாற்றக்கூடாது என்றது அது. ஆட்குறைப்பு நேர்ந்தால், பணிசெய்த ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்றது வேறு பிரிவு. நல்லதுதான். ஆனால் அறிவிக்கச் சொன்ன சட்டம், கற்றுக்கொடுக்கச் சொல்லவில்லையே! இருபது ஆண்டு அச்சுக் கோத்தவன் கையில் பத்து மாதக் கூலியைத் திணித்தால், அது தொழிலுக்கு ஈடாகுமா?

பழங்கதையை ஏன் கிளறுகிறீர் என்பார்கள். 2023இல் ஒடிசாத் தொலைக்காட்சியொன்றில் ‘லிசா’ என்ற பெயரில் கணிப்பொறிப் பதுமை செய்தி படித்தது. எழுதவும், படம் வரையவும், மொழிபெயர்க்கவும் பொறி வந்துவிட்டது. அன்று அச்சுக்கோப்பவன் நின்ற இடத்தில், இன்று கணிப்பொறியில் அழைப்பிதழ் வடிவமைக்கும் நம் பெண்களும் இளைஞர்களும் நிற்கிறார்கள்.

பொறியை உடைக்கச் சொல்லவில்லை நாம். பொறி வருமுன் சொல்லுங்கள். வேலை நேரத்திலேயே, கூலியைப் பிடிக்காமல், அதைக் கற்றுக்கொடுங்கள். பழகியவனுக்கே முதல் நாற்காலி கொடுங்கள். சின்ன அச்சகத்துக்காரர் இவ்வளவுக்கு எங்கே போவார் என்ற கேள்வி நியாயமானதே. அங்கே பயிற்சிச் செலவை அரசு ஏற்கட்டும். நாமக்கல் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலை வகுப்பாக அதைத் தொடங்கினால், வேண்டாமென்பார் யார்?