பனிமலை ட்ரெக்கிங் கிளம்புறீங்களா? முதல்ல ஷூவைப் பாருங்க!

ஜெர்க்கின், குல்லா, கையுறை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவோம். ஷூ என்று வரும்போது மட்டும், 'இருக்கிறதே போதும்' என்று வாக்கிங் ஷூவைப் பையில் போட்டுவிடுவோம். உத்தரகாண்டின் கேதார்காந்தா போன்ற பனிமலைக்கு அது உதவாது.

கேதார்காந்தாவின் உயரம் சுமார் 12,500 அடி. சாங்க்ரி கிராமத்திலிருந்து நடக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். உச்சிக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். கடுங்குளிரில் நம் உடல், உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஷூவும் நனைந்திருந்தால் பனிக்கடி வரலாம். முற்றினால் விரலையே இழக்க நேரிடும்.

எத்தனை கிராம் வாங்கலாம்?

குளிர்கால ஷூக்களில் 200, 400, 800 கிராம் என்று போட்டிருப்பார்கள். அது ஷூவின் எடை அல்ல. உள்ளே இருக்கும் குளிர்காப்புப் பஞ்சின் ஒரு சதுர மீட்டர் எடை. நாள் முழுக்க நடப்பவர்களுக்குப் பொதுவாக 200 முதல் 400 கிராம் போதும். 800 கிராம் எல்லாம் பனியில் அதிகம் நடக்காமல் நிற்பவர்களுக்கு. அதைப் போட்டு மலையேறினால் கால் வியர்க்கும், சாக்ஸ் நனையும், உட்கார்ந்ததும் குளிர் ஏறிவிடும்.

கடையில் கவனிங்க!

* மாலையில் போங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும்.
* மலையில் போடப்போகும் கம்பளி சாக்ஸுடன் அளவு பாருங்கள். காட்டன் சாக்ஸ் வேண்டாம்; ஈரம் காயாது.
* விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும். இறுக்கமான ஷூ ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் குளிரைக் கூட்டும். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தாலும் இதே கதைதான்.
* படியிறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த அளவு வேண்டாம்.
* தண்ணீர் புகாத, கணுக்காலை மூடுகிற, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூவாக இருக்கட்டும். உறைந்த பாதையில் அதன் மேல் மைக்ரோஸ்பைக்கும் மாட்ட வேண்டும்.

ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் சாங்க்ரியிலேயே வாடகைக்கு எடுக்கலாம். வளைத்துப் பார்த்து, அடிப்பாகம் பிரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புதிதாக வாங்கினால், கிளம்பும் முன் இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகுங்கள். நம்ம ஊர் வெயிலில் கால் வெந்துவிடும். அதிகாலையில் மாடிப்படி ஏறி இறங்கினால் போதும்.

முகாமில் ஈர ஷூவை நெருப்பருகே வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது விரல் மரத்துப்போனாலோ, வெளுத்தாலோ உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். பனியால் தேய்க்கவோ, நெருப்பில் காட்டவோ கூடாது. உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் என்றாலும் பரவாயில்லை, அவர் சொன்னால் இறங்கிவிடுங்கள்.