இரத்தத்திற்கு மாற்று உண்டா?



மாமல்லபுரம் அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்தில் சிக்கியவர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ஆம்புலன்சிலேயே, இரத்த வகை பாராமல் எவருக்கும் ஏற்றக்கூடிய செயற்கைத் திரவம் ஒன்று இருந்தால் எத்தனை உயிர்கள் பிழைக்கும்! இந்த ஏக்கத்தோடுதான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள்.

நாம் கொடுக்கும் இரத்தத்தின் சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்க முடியும். மாட்டு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிரித்துச் செய்த 'ஹீமோப்யூர்' குளிர்பதனமின்றியே நீண்டநாள் கெடாது. 2001-இல் தென்னாப்பிரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சிவப்பணுவின் உறைக்குள் இருக்கும்வரை ஹீமோகுளோபின் தீங்கு செய்வதில்லை. வெளியே வந்ததும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது உறிஞ்சிவிடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. இத்தகைய 5 தயாரிப்புகள் பற்றிய 16 ஆய்வுகளை 2008-இல் ஒருசேர ஆராய்ந்தபோது, மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கும், இறப்பு அபாயம் 30 விழுக்காடும் கூடியிருப்பது தெரியவந்தது.

இங்கே அறநெறிக் கேள்வியும் எழுகிறது. 2006-இல் முடிந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், விபத்தில் அடிபட்டு நினைவிழந்தவர்களுக்கு அவர்களது முன்சம்மதம் இன்றியே 'பாலிஹீம்' ஏற்றப்பட்டது. அவசர நிலையில் இதற்குச் சட்டம் இடமளித்தது. ஆனால் மனிதர்மீது நடத்தும் ஆய்வுக்கு அவரது தெளிந்த சம்மதம் தேவை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2295) கற்பிக்கிறது. பேச முடியாமல் கிடப்பவரும் இறைச்சாயல் அல்லவா? அறிவியலை நாம் வரவேற்போம்; ஆனால் ஏழையும் அநாதையும் அதன் சோதனைப் பொருளாகிவிடக் கூடாது.

ஆராய்ச்சி தொடர்கிறது. ஹீமோகுளோபினை நுண்ணிய உறைக்குள் வைக்கும் முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. அதுவரை, மனித இரத்தத்திற்கு மனிதரே துணை. இரத்த வியாபாரத்தைத் தடுக்க உச்சநீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 முதல் நம் நாட்டில் பணத்திற்கு இரத்தம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. இரத்தம் விற்பனைப் பொருளன்று, கொடை. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உடையவர்கள் மருத்துவர் ஆலோசனையோடு கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

ஜூன் 14 உலக இரத்தக் கொடையாளர் நாள். அது இயேசுவின் திருஇருதய மாதத்தில் வருகிறது. குத்தித் திறக்கப்பட்ட விலாவிலிருந்து தம் இரத்தத்தை நமக்காகச் சிந்தியவரை வணங்கும் நாம், முகம் தெரியாத ஒருவருக்காக நம் கையை நீட்டத் தயங்கலாமா? சிந்திப்போம், செயல்படுவோம். இறையாசீர் என்றும் நம்மோடு!