பழைய அம்பாசிடரின் முன்சக்கரப் புஷ்கள்

கயத்தாற்றுப் பக்கத்தில் அம்பாசிடர் கார் வைத்திருப்போர் இன்னும் சிலர் உளர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை செய்யப்பட்ட கார் அது. நூல் சிப்பங்களையும் விதை மூட்டைகளையும் ஆட்களோடு சேர்த்து ஏற்றிச் செல்ல இதற்கு ஈடில்லை என்பாரோடு நாம் வாதாட விரும்பவில்லை. ஆயினும், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்புறத்தில் "டொக்" என்று ஓர் ஓசை கேட்டால், அதை வயதின் முனகல் என்று அலட்சியம் செய்தல் தகாது.

முன்சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் தாங்குகின்றன. பழைய அம்பாசிடர்களில் சுருள் வில் கிடையாது. கீழ்க்கையோடு பிணைந்து பின்னோக்கி ஓடும் நீண்ட எஃகுக் கம்பி ஒன்று முறுகிக் கொடுத்து வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. டார்ஷன் பார் என்பது இதுவே. கீழ்க்கையின் உள்முனை வண்டியின் அடிப்பாகத்தோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ்கள் உள்ளன.

கட்டை வண்டியின் குடம் அச்சின் மேல் உராய்ந்து சுழல்வது. ஆகவே அதற்கு மசகு வேண்டும். அந்தப் பழக்கத்தால் ரப்பர் புஷ்ஷுக்கும் எண்ணெய் விடுவோர் உண்டு. இது பெருந்தவறு. ரப்பர் புஷ் சுழல்வதே இல்லை. நட்டை முடுக்கியதும் ரப்பர் நெரிபட்டு இறுகப் பற்றிக்கொள்ளும்; கை ஏறி இறங்கும்போது தன் உடம்புக்குள்ளேயே முறுகிக் கொடுத்து மீளும். எண்ணெய் பட்டால் ஊதி இளகிவிடும். நமது கரிசல் மண்ணோ மழைக்காலத்தில் கைகளின் மேல் அப்பிக் கொண்டு, வெயிலில் கல்லாக இறுகி, வெடிப்புகளுக்குள் புகுந்து அறுக்கிறது. மாரிக்குப் பின் அடிப்பாகத்தை நீர்விட்டுக் கழுவுவது செலவில்லாத வைத்தியம்.

கிரீஸ் வேண்டிய இடம் வேறு. சக்கரம் திரும்புவதற்கான முளையின் மேலும் கீழும் உள்ள மரையிட்ட இணைப்புகளுக்குத் தவறாமல் கிரீஸ் ஏற்ற வேண்டும். அவை வறண்டு மரை தேய்ந்துபோனால், ஓடும்போதே சக்கரம் மடிந்து விழக்கூடும். புஷ் தேய்வு ஓசையும் டயர் தேய்மானமும் தருவது. இது உயிரையே கேட்பது. முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் முளையையும் இணைப்புகளையும் நோக்க வேண்டும். புஷ்ஷின் நிலையறியக் கீழ்க்கையின் உள்முனையில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்பினால் போதும்.

புஷ்ஷை மாற்றும் வேலையில் ஓர் அபாயம் உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் முறுக்குக் கம்பியில் விசை மிச்சமிருக்கிறது. அதைத் தளர்த்தாமல் இணைப்பைக் கழற்றினால் கை சடாரெனக் கீழ்நோக்கி அடிக்கும், எலும்பு தாங்காது. வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மேல் இணைப்பைக் கழற்றியபின் ஜாக்கியைச் சிறுகச் சிறுக இறக்க வேண்டும். கம்பியை எடுக்க நேர்ந்தால் அதன் பற்கள் நின்ற இடத்துக்கு முதலிலேயே அடையாளம் இடுக. இல்லையேல் வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்கும். இடப்புறக் கம்பியை வலப்புறத்தில் பூட்டக் கூடாது. ஒரு பக்கமாகவே முறுகிப் பழகியது அது. அதன் மேல் உளியோ சுத்தியலோ பட்டுக் கீறல் விழுந்தால் முறிவு அங்கேயே தொடங்கும்.

இனி நாம் பணம் கொடுத்துக் கற்ற பாடம். ஒரு பட்டறையில் இரு புறமும் புதுப் புஷ் போட்டு வந்தோம்; நான்கே மாதத்தில் கிழிந்துவிட்டது. ரப்பர் மட்டம் என்று கடைக்காரரை நொந்துகொண்டோம். உண்மையில் ரப்பரில் குறையில்லை. சக்கரம் தொங்கும் நிலையிலேயே நட்டுகளை முழுக்க முடுக்கியிருந்தார்கள். அந்த நிலையில் இறுகப் பற்றிய ரப்பர், வண்டி தரையில் இறங்கியதுமே முறுக்கேறிவிடுகிறது, நின்றிருக்கும்போதும் ஓய்வில்லை. அளவுக்கு மேல் முறுக்கேற்றிய நூல் என்னவாகும் என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நட்டுகளை முதலில் தளர்வாகவே பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டி, அதன் பாரம் முழுதும் சக்கரங்களில் அமர்ந்த பின்னரே, பள்ளத்தில் இறங்கிக் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். பட்டறையில் இதைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சம் வேண்டா.

சக்கர நேர்மையை, அதாவது அலைன்மெண்டை, அதன் பிறகே பார்க்கச் சொல்லுங்கள். புஷ்களை வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். நெடுநாள் கடையில் கிடந்த சரக்கானால் ரப்பர் இறுகி, மயிரிழை போன்ற வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும்.